பச்சைக்குப் பச்சை

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சத்தம்தான் வரவில்லை.

கம்ப்யூட்டர் திரையில் கோடுகள் ஏறி இறங்கின. பாட்டின் நேரம் வினாடி வினாடியாகக் கூடிக்கொண்டு போனது. மேஜையின் இரு முனைகளிலும் இருந்த ஸ்பீக்கர்கள் மட்டும், சாவு வீட்டுக்கு வந்த தூரத்து உறவினர்கள் மாதிரி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தன.

ஐடா ஸ்பீக்கரின் குமிழைக் கடைசி வரைக்கும் திருகிப் பார்த்தாள். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

"கரண்ட் இருக்குது, பாட்டும் ஓடுது. சத்தம் மட்டும் லீவு போட்டுட்டு பெங்களூர் போயிடுச்சு சார்."

தாமோதரன் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பதில்லை என்று தெரிந்தும் அவள் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். மூன்று வருடமாக அவனிடம் வேலை பார்க்கிறாள். டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டை விட்டுவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்ததற்கு, இங்கே பேசினால் யாரும் திட்டுவதில்லை என்பதைத்தான் காரணமாகச் சொல்வாள்.

அவன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து கண்களைத் தேய்த்துக்கொண்டான். தூக்கம் அவனை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை இந்த அறையில்தான் ராஜப்பா செத்துக் கிடந்தார். எப்போதோ மூடிப்போன ஒரு ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்தவர். மனைவி போனபிறகு தனி ஆள். வாங்கி ஒரு வருடமான இந்தக் கம்ப்யூட்டரும் அதில் ஏற்றி வைத்திருந்த பழைய பாட்டுகளும்தான் துணை. யாரோ பிடித்துத் தள்ளியதில் மேஜை முனையில் தலை மோதியிருந்தது. போலீஸ் பிடித்து வைத்திருப்பது காத்தவராயனை. இருபத்திரண்டு வயது. தினமும் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ராத்திரி ரயிலில் திரும்புகிறவன்.

அவனைப் பிடித்துக்கொடுத்தது எதிர்வீட்டுக் கோவிந்தனின் வாக்குமூலம். ராஜப்பாவோடு ஒரே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். ஆறு மணி வரை ராஜப்பா வீட்டில் கம்ப்யூட்டர் பாட்டு கேட்டது, பையன் உள்ளே போனான், பாட்டு பட்டென்று நின்றது, பையன் வெளியே ஓடினான் என்று அவர் சொல்லியிருந்தார். தான் வாசலில் நின்று கத்தியதோடு சரி, போலீஸ் வந்த பிறகும் உள்ளே கால் வைக்கவில்லை என்றார். இருவருக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம். அந்த வீட்டுப் படியே ஏறியதில்லையாம்.

காத்தவராயன் சொன்னது வேறு. ராஜப்பாதான் அவனை ஆறு மணிக்கு வரச் சொன்னார். அவன் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லவேண்டும் என்றாராம். போனால் கதவு திறந்திருந்தது, மனிதர் கிடந்தார். பயத்தில் ஓடினான். பாட்டா? பாட்டே கேட்கவில்லையே என்றான். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவன் பொய்யன் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டினார்.

நாளைக் காலை பத்தரைக்குக் கோலார் கோர்ட். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரும் மூட்டை கட்டப்பட்டு அங்கே போய்விடும். அதுவரைதான் இன்ஸ்பெக்டர் அனுமதி கொடுத்திருந்தார். இப்போது மணி மூன்று. வெளியே கேட்டுக்குப் பக்கத்தில், பையனின் அம்மா ஜெயம்மா டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயேதான் இருக்கிறாள்.

"ஏட்டு, இதை நீங்க யாராச்சும் தொட்டீங்களா?" என்று ஐடா கேட்டாள்.

கதவோரம் நின்ற ஏட்டு மஞ்சுநாத் கன்னடத்தில் பதில் சொன்னார். "நாவு முட்டில்ல மேடம்." தொடவே இல்லை, ஞாயிறு ஆறரைக்குச் சுவிட்சை அணைத்து, வீட்டைப் பூட்டிச் சீல் வைத்ததுதான். மேஜை மேல் படிந்திருந்த, தங்கச் சுரங்கக் கழிவு மண்ணான சயனைடு மேட்டின் புழுதியும் அதைத்தான் சொன்னது.

ஐடா டீத்தூள் இருக்கிறதா பார்க்கிறேன் என்று சமையலறைக்குள் நுழைந்தாள். கதவைத் தள்ளியதும் அதன் பின்னால் ஏதோ தகரம் கிணுகிணுத்தது. "வீட்டு மெயின் போர்டுல டேக் மாட்டி வச்சிகினு வாழ்ந்த ஆளை இப்பதான் சார் பாக்கறேன்," என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள். டீத்தூள் இல்லை.

தாமோதரன் அதைக் காதில் வாங்கினானா என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரை விற்ற பையனைக் கூட்டி வரச் சொன்னான்.

* * *

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பிரதாப், கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். ராஜப்பாவை அவன் அங்கிள் என்றுதான் கூப்பிடுவான். செத்துப் போனவரின் நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு நின்றுகொண்டே மவுசை நகர்த்தினான். பிறகு மேஜைக்கு அடியில் தலையை நுழைத்தான். டார்ச் கேட்டான். ஏட்டு கொடுத்தார்.

"சார், யார் இதைப் பச்சையில சொருகினது?"

குரல் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது. தாமோதரன் குனிந்தான். முதுகு வலித்தது.

பெட்டியின் பின்பக்கம் மேலே வரிசையாக மூன்று துளைகள். ரோஸ், நீலம், பச்சை. பச்சைத் துளையில் ஸ்பீக்கர் வயரின் பச்சைப் பின் செருகியிருந்தது. பார்க்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. இன்னும் கீழே, ஒரு தகரப் பட்டையில் நான்கு துளைகள். எல்லாம் கறுப்பு. எதற்கு எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற மாதிரி பொடிப் படங்கள் செதுக்கியிருந்தன.

பிரதாப் விளக்கினான். மேலே இருக்கும் மூன்றும் மதர்போர்டோடு கூடப் பிறந்தவை. அதிலேயே சத்தம் வரும். ஆனால் அதில் ஒரு இரைச்சல் உண்டு. ஃபேன் சுற்றினால் அதுவும் சேர்ந்து முனகும். ராஜப்பாவின் காதுக்கு அது பொறுக்கவில்லை. மோட்டார் சத்தத்தை வைத்தே பேரிங் போனதைச் சொல்கிற ஆள். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் பிரதாப் கடையில் கிடந்த பழைய சவுண்ட் கார்டு ஒன்றைக் கொண்டுவந்து கீழே பொருத்தினான். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளக் கூடாது என்று போர்டின் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டான்.

"இப்ப அந்தப் பச்சை, தண்ணி நிறுத்தின குழாய் மாதிரி. எவ்வளவு திருகினாலும் ஒண்ணும் வராது. ஸ்பீக்கரை கார்டுல ரெண்டாவது கறுப்புல சொருகணும். நானே சொருகி, பாட்டு போட்டு, அங்கிள் கேட்டு, அப்புறம்தான் போனேன்."

ஐடா கைகளைத் தட்டித் தூசியை உதறினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு இந்த ஸ்பீக்கரில் பாட்டு கேட்டிருக்கவே முடியாது. அப்படியானால் பாட்டே கேட்கவில்லை என்ற பையன் பொய் சொல்லவில்லை. கேட்டது என்ற கிழவர்தான் பொய் சொன்னார். அவள் இதைச் சொல்லி முடித்தபோது, வெளியே ஜெயம்மா தலையை நிமிர்த்தி உள்ளே பார்த்தாள். ஐடா அவளைப் பார்த்துக் கையை ஆட்டப் போனாள்.

தாமோதரன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"இன்னா சார்?"

"பையன் உள்ள வர்றப்போ பாட்டு ஓடுச்சு. தள்ளுமுள்ளுல ஸ்பீக்கர் விழுந்து வயர் புடுங்கிக்கிச்சு. பையன் எடுத்துத் தப்பான துளையில சொருகிட்டு ஓடினான். நான் இன்ஸ்பெக்டரா இருந்தா இதைச் சொல்வேன்."

"கொலை பண்ணிட்டு ஓடறவன் வீட்டைப் பெருக்கிட்டா ஓடுவான்?"

"ஒருத்தன் பெருக்கியிருக்கான். யாருன்னுதான் கேள்வி."

அதோடு ராஜப்பாவே மாற்றிச் செருகியிருக்கலாம். முப்பது வருடம் நிறத்தைப் பார்த்து வயர் சேர்த்த கை. பச்சைப் பின்னும் பச்சைத் துளையும் கண்ணில் பட்டால் சும்மா இருக்குமா? தாமோதரன் மறுபடி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். மூன்று நாளாகத் தேடியதில் கிடைத்த ஒரே துரும்பு. அதுவும் கைக்கு வந்த பத்தாவது நிமிடத்தில் இற்றுவிட்டது. அவனுக்கு ஏமாற்றம்கூட வரவில்லை. மணி மூன்றே முக்கால் என்பது மட்டும் தெரிந்தது.

பிரதாப் தலையைச் சொறிந்தான். அங்கிள் மாற்றியிருக்க வாய்ப்பே இல்லை என்றான்.

ஏனென்று கேட்டார்கள். பச்சை இனி வேலை செய்யாது என்று சனிக்கிழமை அவன் சொன்னதும், ராஜப்பா சமையலறைக்குப் போய் ஒரு சிவப்புத் தகரத் துண்டை எடுத்து வந்தாராம். ஒர்க்‌ஷாப்பில் மேலே ஆள் வேலை செய்யும்போது கீழே சுவிட்சில் மாட்டும் டேக். 'ஆள் வேலையில், தொடாதே' என்று எழுதியிருக்கும். அந்தக் காலத்திலிருந்து கூடவே வைத்திருந்தார். பல்பு மாற்றுவதென்றால்கூட அதை மெயின் போர்டில் மாட்டிவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறுவார். அதை எடுத்துவந்து, கறுப்பு டேப்பைச் சுற்றிப் பச்சைத் துளையின் மேல் ஒட்டினார்.

"நான் சிரிச்சேன் சார். நீ சிரிப்படா, எங்க கை தானா பச்சைக்குப் போகும், அதுக்குத்தான்னு சொன்னாரு. டேக்கை மாட்டினவன்தான் கழட்டணும், வேற எவனும் தொடக்கூடாதுன்னு சொன்னாரு. சொல்றப்போ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு."

தாமோதரன் டார்ச்சை வாங்கி மறுபடி குனிந்தான். பச்சைத் துளையைச் சுற்றி டேப்பின் பசை வட்டமாகப் பிசுபிசுத்தது. டேக் இல்லை.

அவன் நிமிர்வதற்குள் ஐடா சமையலறையில் இருந்தாள். கதவின் பின்னால் தகரம் கிணுகிணுத்தது. நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். சிவப்பு உதிர்ந்த தகரத் துண்டு. அதன் முதுகில் இரண்டு விரற்கடை அளவுக்குக் கறுப்பு டேப் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதான் சார்," என்றான் பிரதாப். "ஆனா இது எப்படி அங்க போச்சு?"

"வேலை முடிஞ்சா டேக் எங்க போகும்?" என்று தாமோதரன் கேட்டான்.

"மெயின் பக்கத்துல கொக்கி. அது அங்கதான் இருக்கணும். அங்கிள் எனக்கே மூணு தடவை பாடம் நடத்தியிருக்காரு."

கம்ப்யூட்டர் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பெங்களூரில் பெட்டி அடுக்கும் வேலை பார்க்கிற பையன், காலடியில் ஒரு மனிதர் கிடக்க, விழுந்து கிடந்த தகரத்தை எடுத்துப்போய் அதற்குரிய கொக்கியில் மாட்டியிருக்க மாட்டான். ராஜப்பாவாக இருந்தால் அதை ஒட்டிய இடத்திலேயே விட்டிருப்பார். இது அந்த வழக்கம் தெரிந்த வேறொரு கை.

தாமோதரன் சுவரைப் பார்த்தான். முன்னறைச் சுவரில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு நீள்சதுரம் மட்டும் புதுச் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"இங்க இன்னா இருந்துச்சு?"

மெயின் போர்டு என்றான் பிரதாப். மழையில் சுவர் ஓதம் காத்ததால் போன மாதம்தான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாற்றினார்களாம்.

தாமோதரன் எழுந்தான். டேக்கை மேஜை மேல் வைக்கச் சொன்னான். சமையலறைக் கதவை நன்றாகத் திறந்து சுவரோடு சாய்த்து வைக்கச் சொன்னான். இப்போது போர்டு கதவுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. பிறகு, எதிர்வீட்டுப் பெரியவரைக் கொஞ்சம் அழைத்துவர முடியுமா என்று ஏட்டிடம் கேட்டான்.

* * *

கோவிந்தன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அறுபதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். கேட்டருகே இருந்த ஜெயம்மாவை அவர் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

தாமோதரன் அவரை உட்காரச் சொல்லவில்லை, அதட்டவும் இல்லை. பாட்டு கேட்டபோது எங்கே நின்றிருந்தார் என்று மட்டும் மறுபடி கேட்டுக்கொண்டான். அவர் தன் வீட்டு வாசலைக் காட்டினார். இந்த வீட்டுக்குள் வந்து எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டான். ராஜப்பா மனைவியின் காரியத்துக்கு வந்ததுதான், இரண்டு வருடம் என்றார். அதன் பிறகு இந்த நிமிடம்தான் காலை வைக்கிறாராம். ஏட்டு எழுதிக்கொண்டார்.

"சரிங்கய்யா. எங்க வேலை முடிஞ்சுது. கம்ப்யூட்டர் கோலாருக்குப் போகுது."

தாமோதரன் மேஜையிலிருந்த டேக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தான். சோர்ந்த குரலில், ஒரு உதவி கேட்பவன் மாதிரி சொன்னான்.

"வேலை முடிஞ்சா இதை மாட்டிடணும்னு சொன்னாங்க. எனக்கு வழக்கம் தெரியாது. நீங்க மாட்டிடுங்க."

கோவிந்தன் டேக்கைப் பார்த்தார். கட்டை விரலால் அதைத் துடைத்தார். யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத வேலை. வெளுத்துக் கிடந்த சுவரைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து, நேராகச் சமையலறைக்குள் போனார். கதவைத் தன் பக்கம் இழுத்தார். கை அதன் பின்னால் போயிற்று.

தகரம் கிணுகிணுத்தது.

அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும். கொக்கியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடி போர்டு இங்க முன்னறையில இருந்துது ஐயா," என்றாள் ஐடா. முதல் தடவையாக அவள் குரலில் கிண்டல் இல்லை. "கதவுக்குப் பின்னாடி போனது போன மாசம்."

ஏட்டு எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

கோவிந்தன் மறுக்கவில்லை. சமையல் மேடையில் சாய்ந்துகொண்டார். தள்ள வரவில்லை, பேசத்தான் வந்தேன் என்றார். பிறகு எல்லாம் மெதுவாக வந்தது.

பதினைந்து வருடத்துக்கு முன் ஒர்க்‌ஷாப்பில் முனிரத்தினம் என்ற வயர்மேன் கிரேனில் ஏறி வேலை செய்துகொண்டிருந்தான். கீழே சுவிட்சில் தன் டேக்கை மாட்டிவிட்டுத்தான் ஏறியிருந்தான். ஷிஃப்ட் முடியும் நேரம். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்த கோவிந்தன் டேக்கைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். சுவிட்சைப் போட்டார். முனிரத்தினம் கீழே வந்தது பிணமாக. விசாரணைக்கு வந்தவர்கள் கொக்கியில் டேக் தொங்குவதைப் பார்த்தார்கள். மாட்ட மறந்துவிட்டு ஏறியிருக்கிறான், அவன் தவறுதான் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பார்த்த ஒரே ஆள் ராஜப்பா. கோவிந்தனின் பிள்ளைகள் சின்னவர்கள் என்று வாயை மூடிக்கொண்டார். மனைவி செத்தபிறகு அவரால் மூடிக்கொள்ள முடியவில்லை. பேச்சு நின்றது அதனால்தான்.

"முனிரத்தினம் புள்ளைகிட்ட சொல்லப்போறேன்னாரு. வேணாம்னு கையைப் புடிச்சேன். உதறினாரு. தள்ளிட்டேன். வயரெல்லாம் புடுங்கிகினு விழுந்தாரு." அவர் தன் கையைப் பார்த்தார். "மூச்சு இல்ல. சண்டை நடந்தது தெரியக்கூடாதுன்னு எல்லாத்தையும் எடுத்து வச்சேன். பச்சைக்குப் பச்சை. டேக் கீழ கிடந்துது. கொக்கியைத் தேடினேன். தேடி மாட்டினேன். ஏன் மாட்டினேன்னு கேக்காதீங்க தம்பி."

அவர் தன் வீட்டுக்குப் போய் நின்றபோது முனிரத்தினத்தின் மகன் காத்தவராயன் உள்ளே போவதைப் பார்த்தார். ராஜப்பா ஆறு மணிக்குப் பாட்டு போடாத ஞாயிறே கிடையாது. அதனால் பாட்டு கேட்டது என்று சொன்னார். வழக்கம்தானே என்று நினைத்தாராம்.

ஏட்டு அவரை வெளியே கூட்டிப்போனார். வாசலில் கோவிந்தன் குனிந்து செருப்பைப் போட்டுக்கொள்ள நேரம் எடுத்தது. ஏட்டு காத்திருந்தார்.

* * *

ஜெயம்மா கேரியரோடு எழுந்து நின்றாள். நடந்தது பாதி புரிந்திருந்தது. நாளைக்குக் கோர்ட்டில் பையனை விட்டுவிடுவார்களா என்று கேட்டாள். விடுவார்கள், இன்ஸ்பெக்டரிடம் இப்போதே போய்ப் பேசுகிறேன் என்றான் தாமோதரன். அவள் தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை.

"எம் புள்ளைய ஃபோர்மேன் எதுக்கு சார் கூப்ட்டாரு?"

தாமோதரன் ஐடாவைப் பார்த்தான். எப்போதும் ஏதாவது ஒரு வார்த்தை வைத்திருப்பவள், இப்போது கேட்டின் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எனவே அவனே சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்கு நல்ல வழி எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

"உங்க வீட்டுக்காரர் அன்னைக்கு டேக் மாட்டிட்டுத்தான் ஏறினாரும்மா. மறக்கல. இவர்தான் கழட்டினாரு."

ஜெயம்மா அழவில்லை. கேரியரின் பிடியை மாற்றிப் பிடித்தாள்.

"அன்னைக்குக் காலைல நான் அவரோட சண்டை போட்டேன் சார். சாப்புடாம போனாரு. அந்தக் கோவத்துலதான் மறந்துட்டாருன்னு..." நிறுத்தினாள். "பதினஞ்சு வருஷமா நெனச்சிகினு இருந்தேன்."

"மறக்கல," என்றான் அவன் மறுபடியும்.

அவள் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டாள். பிறகு கேரியரைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது.

"இதை இன்னைக்கு அவனுக்குக் குடுக்க உடுவாங்களா?"

விடுவார்கள் என்றான் தாமோதரன். கேரியரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி நடந்தான். அவள் இரண்டு அடி பின்னால் வந்தாள்.